‘நின்று பழகினால் போதும்’ என்பவர்களுக்கு

உயர்தரப் பரீட்சை முடிவு வந்த கையோடு ஹட்டன் பஸ் நிலையச் சுவர்களில் புதுப் போஸ்டர்கள் ஏறிவிடும். மருத்துவத் துறையில் டிப்ளோமா, ஆறு மாதம், ஒரு வருடம், தவணை முறையில் கட்டணம், வெளிநாட்டு வேலைக்கு வழிகாட்டல். அடியில் தடித்த எழுத்தில், ‘அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்ட நிறுவனம்’. இந்தப் படிப்பை யார் சரிபார்த்தார்கள் என்று யாராவது கேட்டால், கேட்டவரைத்தான் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ‘வேலையை நின்று பழகினால் போதும் சார். அங்கீகாரம் எல்லாம் காகித விளையாட்டு.’ போஸ்டர் ஒட்டியவர் இதைச் சொன்னால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். ஓய்வுபெற்ற அதிபர் சொல்கிறார், தொழிற்சங்கத் தலைவர் சொல்கிறார், வைத்தியசாலையில் இருபது வருடம் வேலை செய்தவரே சொல்கிறார். இன்னும் ஒரு படி மேலே போய், தர அங்கீகாரம் என்பதே தோட்டத்துப் பிள்ளைகள் மேலே வராமல் தடுக்கப் போடும் வேலி என்று மேடையில் பேசிக் கைதட்டலும் வாங்குகிறார்கள்.

இந்தக் கருத்து தவறு என்பதோடு நான் நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. இதனால் அதிகம் அடிபடுவது யாருக்காகப் பேசுவதாகச் சொல்கிறார்களோ அவர்களேதான். அதைக் காட்ட அணு மருத்துவத் தொழில்நுட்பவியலாளர் என்ற ஒரு தொழிலை எடுத்துக்கொள்கிறேன். பலருக்குப் பெயரே தெரியாத தொழில் இது. ‘நின்று பழகினால் போதும்’ என்ற வாதம் உடைவது தெளிவாகத் தெரிவதும் இங்கேதான்.

நான் பட்டிப்பொலக்காரன். ஆறாயிரம் அடிக்கு மேலே, நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம் எங்கள் ஊரில் இருக்கிறது. அதைத் தவிரப் பெருமை பேச எங்களுக்கு அதிகம் இல்லை. கழுத்தில் கழலை என்று நுவரெலியா கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து ‘ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாங்க’ என்ற துண்டோடு பேராதனை, கண்டிப் பக்கம் இறங்கும் பெண்கள் இந்த ரயில் பாதையில் பயணம் செய்கிறார்கள். தைரொயிட் புற்றுநோய் இலங்கைப் பெண்களிடையே முன்வரிசையில் நிற்கும் நோய்களில் ஒன்று. அதைக் கண்டுபிடிப்பதிலும், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மிச்சம் இருப்பதை அழிப்பதிலும் அணு மருத்துவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே இது எங்கோ கொழும்பில் பணக்காரர்களுக்கு நடக்கும் காரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

‘பட்டனை அழுத்துகிற வேலைதானே, மெஷின் எல்லாம் செய்யும்’ என்பார்கள். எக்ஸ்-ரேக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் அறியவில்லை. எக்ஸ்-ரேயில் கதிர் இயந்திரத்திலிருந்து வருகிறது. சுவிட்சை அணைத்தால் நின்றுவிடும். அணு மருத்துவத்தில் கதிரை வீசும் மருந்தை நோயாளியின் உடம்புக்குள்ளேயே செலுத்துகிறார்கள். கதிர் அவருடைய உடம்பிலிருந்து வருகிறது, கமரா அதை வாங்கிப் படமாக்குகிறது. அணைக்க அங்கே சுவிட்ச் கிடையாது.

அதிகம் பயன்படும் மருந்து டெக்னீசியம்-99எம். ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் பொருள் என்பதால் வாங்கிச் சேமித்து வைக்க முடியாது. 66 மணி நேரத்தில் பாதியாகும் மொலிப்டினம்-99 அடங்கிய ஜெனரேட்டர் ஒன்றைத் தருவித்து, காலையில் உப்புநீரைச் செலுத்தி அதிலிருந்து டெக்னீசியத்தைக் கழுவி எடுக்கிறார்கள். இதைச் செய்பவர் தொழில்நுட்பவியலாளர். எடுத்த திரவத்தோடு மொலிப்டினமும் கலந்து வந்துவிட்டதா என்று சோதிக்க வேண்டும். கலந்திருந்தால் நோயாளியின் உடம்பில் தேவையில்லாத கதிர் நாட்கணக்கில் தங்கும். பிறகு அந்தத் திரவத்தை எலும்புக்கு, சிறுநீரகத்துக்கு, இதயத்துக்கு என்று தனித்தனி மருந்துகளோடு சேர்க்க வேண்டும். ஒழுங்காகச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். ஊசியில் ஏற்றிய அளவை அளவிட வேண்டும். அளக்கும் கருவி சரியாக அளக்கிறதா என்று அதையும் சோதிக்க வேண்டும். கமராவின் முகம் முழுவதும் ஒரே சீராகப் பதிவு செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் மங்கலாகப் பதிந்தால் நோயில்லாத இடத்தில் நோய் இருப்பதாகவோ, இருக்கும் நோய் இல்லாததாகவோ படம் சொல்லும். இவ்வளவும் முடிந்த பிறகே முதல் நோயாளியின் பெயர் கூப்பிடப்படுகிறது.

அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் முக்கியமானவை. 1990இல் ஹவாயிலுள்ள ஓர் இராணுவ வைத்தியசாலையில் ஒரு தாய்க்கு ஸ்கேன் எடுப்பதற்காக அயோடின்-131 கொடுத்தார்கள். அவர் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர். அதை யாரும் கேட்டு உறுதி செய்யவில்லை. படத்தில் மார்பகங்களில் அயோடின் திரண்டு நின்றதைக் கண்ட பிறகே விஷயம் தெரிந்தது. அதற்குள் பால் வழியாகப் போன அயோடின் குழந்தையின் தைரொயிட்டை அழித்துவிட்டது. அங்கே இயந்திரத்தில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. மருந்திலும் பழுதில்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படவில்லை, அவ்வளவுதான்.

நின்று பழகினால் இதெல்லாம் வராதா என்று கேட்கலாம். பாதி வரும். நின்று பழகுபவர் அன்றாடம் நடப்பதைப் பழகுகிறார். அந்த இடத்தில் பிழையும் அன்றாடம் நடந்தால் பிழையையும் சேர்த்தே பழகுகிறார். மொலிப்டினம் சோதனையைச் செய்யாமல் தவிர்ப்பது ஓரிடத்தில் வழக்கமாகிவிட்டால், அங்கே பழகிய பத்துப் பேரும் அதைத்தான் முறை என்று நினைத்துக்கொண்டு வேறு வைத்தியசாலைகளுக்குப் போவார்கள். ஜெனரேட்டர் எப்போதாவது ஒருமுறை கோளாறு செய்யும்; மருந்து எப்போதாவது தரையில் சிந்தும். எப்போதாவது நடப்பதை அன்றாட வேலை கற்றுத்தராது. அதற்கு முன்கூட்டியே யோசித்து எழுதிய பாடமும், அந்தப் பாடம் உண்மையில் நடக்கிறதா என்று வெளியிலிருந்து வந்து பார்க்கும் கண்ணும் வேண்டும். தர அங்கீகாரம் என்பது அந்தக் கண்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். போஸ்டர்களின் பலமே இந்தக் குழப்பம்தான். நம் நாட்டில் மூன்று வெவ்வேறு காரியங்கள் ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்லுக்குள் திணிக்கப்படுகின்றன. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின் கீழ் உருவான அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை, கதிர்வீச்சைப் பயன்படுத்தும் இடங்களுக்கு உரிமம் கொடுக்கிறது. அது இடத்துக்கும் பாதுகாப்புக்கும் கிடைக்கும் உரிமம். இலங்கை மருத்துவ சபை ரேடியோகிராபர் போன்ற துணை மருத்துவத் தொழிலாளர்களைப் பதிவு செய்கிறது. அது ஆளுக்கான பதிவு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, தனியார் பயிற்சி நிறுவனங்களைப் பதிவு செய்கிறது. அது நிறுவனத்துக்கான பதிவு. போஸ்டரில் தடித்த எழுத்தில் வருவது பெரும்பாலும் இந்த மூன்றாவது. கட்டடம் இருக்கிறது, பலகை இருக்கிறது, நிறுவனம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அங்கே நடக்கும் ஒரு குறிப்பிட்ட படிப்பு, ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கு ஆளைத் தயார் செய்கிறதா என்பது வேறு கேள்வி. அதே ஆணைக்குழு படிப்புகளுக்கும் தனியாக அங்கீகாரம் கொடுக்கிறது. நிறுவனத்தின் பதிவு எண்ணைக் காட்டிவிட்டு, படிப்புக்கு அங்கீகாரம் இல்லாததை மறைப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

படிப்புக்கு அங்கீகாரம் கொடுப்பது என்றால் என்ன நடக்கும்? இதில் மிகத் தெளிவான பாதையை வகுத்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே 1970இலிருந்து அணு மருத்துவத் தொழில்நுட்பக் கல்விக்கென்றே ஒரு கூட்டு மீளாய்வுக் குழு இயங்குகிறது. தொழில்நுட்பவியலாளர்கள், மருத்துவர்கள், கல்லூரிக்காரர்கள் ஆகியோரோடு தொழிலுக்கு வெளியே இருக்கும் பொதுமக்கள் பிரதிநிதியும் அதில் அமர்கிறார். அந்தக் குழுவிடம் போகும் கல்லூரி முதலில் தன்னையே விசாரித்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். என்ன கற்றுத்தருகிறோம், யார் கற்றுத்தருகிறார்கள், அவர்களின் தகுதி என்ன, மாணவன் எந்த வைத்தியசாலையில் எவ்வளவு காலம் நிற்கிறான், அங்கே அவனைப் பார்ப்பவர் யார், அவன் எதைச் செய்து காட்டினால் தேறியவன். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம். பிறகு அதே தொழிலில் இருப்பவர்கள் நேரில் வருகிறார்கள். கல்லூரி அலுவலகத்தில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போவதில்லை. மாணவர் நிற்கும் வைத்தியசாலைக்குப் போகிறார்கள், மாணவரோடு தனியாகப் பேசுகிறார்கள். அவர்கள் எழுதும் அறிக்கையில் தவறு இருந்தால் மறுப்புச் சொல்லக் கல்லூரிக்கு உரிமை உண்டு. அதற்குப் பிறகே தீர்மானம். கிடைத்தாலும் நிரந்தரம் இல்லை. அதிகபட்சம் ஏழு வருடம். இடையில் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். தரம் விழுந்தால் எச்சரிக்கைக் காலம், அதிலும் திருந்தாவிட்டால் நீக்கம்.

இதில் என்னை அதிகம் கவர்ந்தவை இரண்டு. ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் எத்தனை மாணவரை அனுப்பலாம் என்று முன்கூட்டியே எண்ணிக்கை குறித்துவிடுகிறார்கள். இரண்டு கமரா இருக்கும் இடத்துக்கு இருபது பேரை அனுப்பிவிட்டு ‘பயிற்சி அளித்தோம்’ என்று எழுத முடியாது. மற்றது, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், தேசியப் பரீட்சையில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ‘காகித விளையாட்டு’ என்பவர்களிடம் கேட்கிறேன்: நம் பஸ் நிலையப் போஸ்டரில் இந்த மூன்று எண்களில் ஒன்றையாவது பார்த்திருக்கிறீர்களா?

அமெரிக்காவில் அந்தப் பரீட்சையை நடத்தும் சான்றிதழ் வாரியம் 1977இல் வந்தது. தொடக்கத்தில் வேலையில் நின்று பழகியவர்களும் அதை எழுத ஒரு வழி இருந்தது. பிறகு அந்த வழி மூடப்பட்டது. இன்று அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவரே எழுதலாம். அதாவது ‘நின்று பழகினால் போதும்’ என்ற கொள்கையை அவர்களும் ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள்.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நிலைமை இதே திசையில்தான். அவுஸ்திரேலியாவில் 2012 ஜூலை 1 முதல் அணு மருத்துவத் தொழில்நுட்பவியலாளர் தேசியப் பதிவு இல்லாமல் வேலை செய்ய முடியாது. பதிவுக்கு அங்கீகரித்த படிப்பு வேண்டும். கனடாவில் இந்தப் படிப்புகளுக்கு மருத்துவ சங்கம் கொடுத்துவந்த அங்கீகாரத்தை 2018இல் வேறோர் அமைப்பு பொறுப்பேற்றுத் தொடர்கிறது. ‘வெளிநாட்டு வேலைக்கு வழிகாட்டல்’ என்ற வரியை நம்பிப் போகும் பிள்ளை டொரண்டோவில் இறங்கிய பிறகு எதிர்கொள்ளும் முதல் கேள்வி, ‘உங்கள் படிப்பை அங்கீகரித்தது யார்?’ என்பதாகத்தான் இருக்கும். பதில் இல்லையென்றால் கிடைப்பது கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. அந்த வேலையில் இழிவு எதுவும் இல்லை. அதற்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து டிப்ளோமா படித்திருக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

இனி எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். அங்கீகாரம் என்பது தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்கள் கதவைப் பூட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் சாவி என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. எந்தத் தொழில் சங்கத்திடமும் சாவியை மட்டும் கொடுத்தால் பூட்டத்தான் செய்யும். மாலபே தனியார் மருத்துவக் கல்லூரி விவகாரத்தை அதற்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். நானும் அதையேதான் காட்டுகிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக.

ஸைட்டம் என்று எல்லோரும் அழைத்த அந்தக் கல்லூரி 2009இல் மாணவரைச் சேர்க்கத் தொடங்கியது. மருத்துவப் பயிற்சி போதாது என்று மருத்துவ சபை பதிவு மறுத்தது. 2017 ஜனவரி 31ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு வேலைநிறுத்தம், வீதி மறியல், அரச பல்கலைக்கழக மருத்துவ பீட மாணவரின் நீண்ட வகுப்புப் பகிஷ்கரிப்பு. கடைசியில் கல்லூரியை இல்லாமலாக்கி, மாணவரைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினார்கள். மருத்துவக் கல்விக்கான குறைந்தபட்சத் தர விதிகள் வர்த்தமானியில் வந்தது 2018இல். யார் பக்கம் நியாயம் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. வரிசையைப் பாருங்கள்: முதலில் மாணவர் சேர்ப்பு, பிறகு தகராறு, பிறகு நீதிமன்றம், எல்லாம் முடிந்து கடைசியில் அளவுகோல். அளவுகோல் 2009க்கு முன்பே எழுதப்பட்டிருந்தால், அந்தக் கல்லூரி ஒன்று அதை எட்டியிருக்கும், இல்லையென்றால் திறந்தே இருக்காது. இரண்டில் எது நடந்திருந்தாலும் பெற்றோரின் பணமும் பிள்ளைகளின் வயதும் தெருவில் நின்றிருக்காது. மாலபேயில் அங்கீகாரம் யாரையும் வதைக்கவில்லை. அது நேரத்துக்கு வராமல் போனதுதான் வதைத்தது.

சாவி ஒருவர் கையில் சேராமல் தடுக்கவும் வழி உண்டு. அளவுகோலை எழுத்தில் வெளியிடுவது, மேன்முறையீட்டுக்கு இடம் வைப்பது, குழுவில் வெளியாளை உட்கார வைப்பது. மேலே சொன்ன அமெரிக்க முறையில் மூன்றும் உண்டு. கதவு பூட்டப்படும் என்று பயப்படுபவர்கள் கேட்க வேண்டியது இவற்றைத்தான்; கதவே வேண்டாம் என்று கேட்பதால் பலன் யாருக்குப் போகிறது என்று யோசிக்க வேண்டும்.

‘சின்ன நாடு, கமராக்களே சில, இதற்கெல்லாம் ஏது வசதி?’ என்பது அடுத்தது. சின்ன நாடு என்பது உண்மை. இங்கே அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ரேடியோகிராபி படித்துவிட்டு அதற்கு அனுப்பப்படுபவர்கள். பேராதனைப் பல்கலைக்கழக இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் ரேடியோகிராபிப் பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கேயே மருத்துவ பீடத்தில் அணு மருத்துவப் பிரிவும் இருக்கிறது. அரச பல்கலைக்கழகப் பட்டங்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டு மீளாய்வும் நடக்கிறது. வெறும் நிலத்திலிருந்து தொடங்க வேண்டிய நிலையில் நாம் இல்லை. இருப்பவற்றை ஒரு மேசைக்குக் கொண்டுவர யாரும் மெனக்கெடவில்லை என்பதே குறை.

அயலில் பாருங்கள். மும்பை பரேலில் 1963இல் தொடங்கிய கதிர்வீச்சு மருத்துவ மையம் இந்தியா முழுவதற்கும் தொழில்நுட்பவியலாளரைத் தயார் செய்திருக்கிறது. 1983இல் வந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், தகுதி பெற்ற தொழில்நுட்பவியலாளர் இல்லாத இடத்தில் அணு மருத்துவம் நடத்த விடாது. எந்தப் படிப்பு தகுதி என்பதையும் அதுவே வகுத்தது. துணை மருத்துவத் தொழில்கள் எல்லாவற்றுக்குமான தேசிய ஆணையச் சட்டம் அங்கே 2021இல்தான் வந்தது. மாநிலங்கள் சுணங்கியதால் 2024இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. பெரிய நாட்டுக்கும் இது எளிதாக வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இதைச் சொல்கிறேன். வராமல் இருப்பதை அவர்கள் பெருமையாகப் பேசவில்லை.

வசதி இல்லாத நாடுகளுக்கென்றே ஒரு முறையும் இருக்கிறது. 1990களில் சிட்னி வெஸ்ட்மீட் வைத்தியசாலையில் உருவான பாடங்களைச் சர்வதேச அணுசக்தி முகவரகம் ஆசிய நாடுகளுக்குக் கொண்டுவந்தது. தொழில்நுட்பவியலாளர் வேலையை விடத் தேவையில்லை. தன் வைத்தியசாலையிலேயே நின்று, பாடங்களைப் படித்து, பயிற்சிகளைச் செய்து எழுதி, மேற்பார்வையாளரிடம் காட்டி, முடிவில் பரீட்சைக்கு அமர வேண்டும். இதுவும் நின்று பழகுவதுதான். எதைப் பழக வேண்டும் என்று எழுதப்பட்டு, பழகியதை இன்னொருவர் சோதிக்கும் நின்று பழகல். ஆகவே வேலையில் நின்று கற்பதற்கு நான் எதிரி இல்லை. கற்றாரா இல்லையா என்று பார்க்க யாரும் இல்லாத நிலைக்குத்தான் எதிரி.

2016இல் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் (PET) ஸ்கேனர் என்ற அணு மருத்துவ இயந்திரம் வேண்டும் என்று நிதி திரட்டியபோது இன மத பேதமின்றி நாடே பணம் போட்டது. நெஞ்சைத் தொட்ட காரியம். இயந்திரத்துக்கு நாம் அப்படி அள்ளிக் கொடுப்போம். அதன் முன்னால் நிற்கப்போகிறவரின் படிப்பை யார் சரிபார்க்கிறார்கள் என்று அந்த நாட்களில் ஒரு குரல்கூட என் காதில் விழவில்லை. 2017 மே மாதம் டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்தார். நோர்வூட்டில் கூட்டம் அலைமோதியது. கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு. படிப்புக்கு அப்படி எதுவும் கிடையாது, அதனால் நம் தலைவர்களுக்கு அதில் ஆர்வமும் கிடையாது. கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்கிறேன்.

மலையகத்தவன் வாயிலிருந்து ‘நமக்கு இது போதும்’ என்ற சொல் வரும்போது எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தோட்டத்து மக்களின் வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. அதன் பலன் தோட்டத்து டிஸ்பென்சரியும் ‘தோட்டத்து டாக்டரும்’. அவர்களில் கைராசிக்காரர்கள் இருந்தார்கள். நடுச்சாமத்தில் லயத்துக்கு நடந்து வந்து பிரசவம் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பலருக்கு முறையான மருத்துவத் தகுதி இருக்கவில்லை. நகரத்தவனுக்குப் பதிவு பெற்ற மருத்துவர், நமக்கு அனுபவஸ்தர். ஒரு நூற்றாண்டாக நம்மிடம் சொல்லப்பட்டது இந்த வாக்கியம்தான்: அவர் நின்று பழகியவர், உங்களுக்குப் போதும். அன்று துரை சொன்னதை இன்று நம்மவரே உரிமைக்குரல் மாதிரி எடுத்துச் சொல்கிறார்.

மடுவத்தில் கொழுந்து நிறுத்த எவருக்கும் இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. தராசு கணக்கப்பிள்ளை கையில் இருக்கும், சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கிலோ வெட்டப்படும், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். வாங்குபவனே நிறுத்தால் நிறுவை எப்படியிருக்கும் என்று நம் பாட்டிமார் அறிவார்கள். படிப்பை விற்பவரே தன் படிப்பு நல்லது என்று சான்றிதழும் எழுதிக்கொள்வதை மட்டும் ஏன் நம்புகிறோம்?

ஏழைப் பிள்ளைக்குத் தடை என்ற வாதத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தவறான படிப்பில் சேர்ந்தால் அப்பா இன்னொரு படிப்புக்குப் பணம் கட்டுவார். அப்பாவின் சேமலாப நிதியை எடுத்துக் கட்டிய பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. நோயாளி பக்கமும் கணக்கு இதேதான். படம் சரியாக வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொன்னால் கண்டி நகரத்தவருக்கு ஒரு ஆட்டோக் காசு. பட்டிப்பொலப் பெண்ணுக்கு இன்னொரு ரயில் பயணம், இன்னொரு நாள் சம்பளம், கூட வரும் ஆளின் நாள் சம்பளம். அதோடு உடம்புக்குள் இன்னொரு ஊசி மருந்து. திருத்தமில்லாத வேலையின் விலையைத் தூரத்திலிருந்து வருபவரும் இல்லாதவரும்தான் அதிகம் கட்டுகிறார்கள்.

அந்த ஹவாய்க் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். ‘குழந்தைக்குப் பால் கொடுக்கிறீங்களா?’ இதை ஒரு தோட்டத்துப் பெண்ணிடம் எந்த மொழியில் கேட்பது? ஒரு வைத்தியசாலையில், பெயர் வேண்டாம், கர்ப்பமா என்பதைக் கைச்சைகையால் கேட்டதையும், வெட்கப்பட்ட அந்தப் பெண் தலையைக் குனிந்ததை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன். 13ஆவது திருத்தம் வந்த 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆனால் ஸ்கேன் அறைக்குள் அது போய்ச் சேர ஒரு வழி வேண்டும். பயிற்சித் திட்டத்தின் அளவுகோலில் ‘நோயாளியின் மொழியில் பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்டு விடையை எழுதிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தால், ஒவ்வொரு மாணவனும் அதைச் செய்து காட்டித்தான் தேற வேண்டும். சுற்றறிக்கைகளால் முடியாததை அந்த ஒரு வரி செய்யும். அந்த வரியை எழுத அளவுகோல் என்று ஒன்று முதலில் இருக்க வேண்டும். எழுதும் மேசையில் நம்மில் ஒருவர் இருக்க வேண்டும். அங்கீகாரமே வேண்டாம் என்று சொல்பவருக்கு அந்த மேசையில் நாற்காலி கேட்க வாயில்லை.

ஆகவே நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் சங்கங்களிடமும் கேட்பது இது. மருத்துவ சபை, அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆகிய மூன்றையும் ஒன்றாக உட்கார வைத்து, அணு மருத்துவத்தில் பயிற்சி கொடுக்கும் எந்தப் படிப்புக்கும் முன்கூட்டியே எழுதப்பட்ட அளவுகோல் வேண்டும் என்று சபையில் கேளுங்கள். பயிற்சிக்குத் தகுதியான வைத்தியசாலைகள் எவை, ஒவ்வொன்றிலும் எத்தனை மாணவர் நிற்கலாம் என்ற பட்டியலை மூன்று மொழியிலும் வெளியிடச் சொல்லுங்கள். இதற்குப் புதுக் கட்டடம் ஒன்றும் தேவையில்லை.

பெற்றோரிடம் கேட்பது இன்னும் சிறியது. அணு மருத்துவம் ஆகட்டும், மருத்துவத் துறையில் வேறு எந்தப் படிப்பு ஆகட்டும், முதல் தவணையைக் கட்டுமுன் கல்லூரியிடம் கேளுங்கள்: நிறுவனத்துக்கு இருக்கும் பதிவு சரி, இந்தப் படிப்பை அங்கீகரித்தது யார்? பிள்ளை எந்த வைத்தியசாலையில், யாருக்குக் கீழே, எத்தனை பேரோடு நிற்கப் போகிறது? இதை முடித்தால் மருத்துவ சபையில் எந்தப் பிரிவில் பதிவு கிடைக்கும்? போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்று அந்த வேலையில் இருக்கிறார்கள்? வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம். கடிதத் தலைப்பில், கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால் பணத்தைக் கட்டாமல் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.